எங்கள் பங்கில் பாவம் ஒழிந்த வாரம்

மனிதகுலம் தோன்றிய நாளிலிருந்து எவராலும் செய்ய முடியாத ஒரு காரியத்தை, கோயம்புத்தூர் சிங்காநல்லூருக்குச் சற்று உள்ளடங்கியிருக்கும் புனித சுவக்கீன் பங்கு இந்தத் தவக்காலத்தில் செய்து முடித்தது. பாவத்தை ஒழித்தது. குறைத்தது என்று நான் சொல்லவில்லை. ஒழித்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு கத்தோலிக்கக் குடும்பங்கள் கொண்ட எங்கள் பங்கில், ஈஸ்டருக்கு முந்தைய வாரம், குருத்து ஞாயிறு முதல் பெரிய சனி வரை, எவருக்கும் ஒரு பாவமும் நினைவுக்கு வரவில்லை. ஒரே ஒரு பெண்மணிக்கு மட்டும் வந்தது. புள்ளிவிவரம் என்றால் இப்படி ஒன்றிரண்டு பிசகத்தான் செய்யும்.

இந்தச் சாதனையின் வரலாற்றை எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. என் பெயர் இஞ்ஞாசிமுத்து. பங்குப் பேரவையின் செயலாளர். அதற்கு முன்பு முப்பத்தோரு வருடம் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் இருந்தேன். எந்த ஆள் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று எழுதி வைப்பதுதான் வேலை. ஒரு நிமிடம் பிந்தி வந்தவனையும் நான் விட்டதில்லை. ஆகவே இந்த அறிக்கையில் மணி, நாள் விவரங்கள் துல்லியமாக இருக்கும் என்று உறுதி கூறுகிறேன்.

பிரச்சினை என்னவென்றால், பங்குச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவர் முதலில் தன் பாவங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். ஞானோபதேசத்தில் அப்படித்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் அது சுலபம். இப்போது நினைத்துப் பார்ப்பது என்ற வேலையே வழக்கொழிந்துவிட்டது. கோயில் வரிசையில் நிற்பவர்கள் முன்னால் நிற்பவரிடம் “நீங்க என்னங்க சொல்லப் போறீங்க?” என்று கேட்டு, அதையே தாங்களும் சொல்லிவிட்டு வருவதாகப் புகார் வந்தது. பேரவையைக் கூட்டினோம்.

“ஏனுங்க ஃபாதர், சொந்தப் பொண்டாட்டி நெம்பரே தெரியாத காலத்துல, மூணு மாசத்துப் பாவத்தை எப்படிங்க தலையில வெச்சுக்கறது?” என்று நான்தான் விவாதத்தைத் தொடங்கி வைத்தேன்.

எங்கள் பங்குத்தந்தை அதிகம் பேசாதவர். “தலையில வெக்கச் சொல்லலீங்க. மனசுல வெச்சா போதும்” என்றார்.

“மனசுலயும் எடம் இல்லீங்க ஃபாதர்” என்றார் ஓர் உறுப்பினர்.

அப்போதுதான் வின்ஸ்டன் எழுந்தான். சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் எங்கள் பங்குப் பிள்ளை. “கிளவுடுல வெச்சுக்கலாமுங்க அங்கிள். நான் ஒரு ஆப் பண்ணித் தாரேன். அன்னன்னைக்குச் செஞ்ச பாவத்தை அன்னன்னைக்கே போட்டுட்டீங்கன்னா, ஈஸ்டருக்கு மொத்தமா எடுத்துக்கலாம்.”

பாவங்களை மேகத்தில் வைப்பது விசுவாசத்துக்கு முரணாகாதா என்று ஒருவர் கேட்டார். மோட்சமும் அதே பக்கம்தான் இருப்பதால் ஆகாது என்று பேரவை ஏகமனதாகத் தீர்மானித்தது. தீர்மானம் எண் ஏழு. சென்ற வருடம் தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனன்று ‘மனசாட்சி’ என்ற அந்தச் செயலி வெளியிடப்பட்டது.

முதல் பதிப்பு தோல்வி. செயலியைத் திறந்தவுடன் ‘இன்று நீ செய்த பாவம் என்ன?’ என்று கேட்டது. பங்கே கொதித்துப்போனது. பாவம் செய்ததாகச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். ‘நீ’ என்று கேட்டதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. “ஆண்டவரே நம்மள நீ வா போன்னு பேசமாட்டாருங்க, இது யாருங்க?” என்று ஒரு பெரியவர் தன் போனையே கோயில் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வின்ஸ்டன் ஒரே வாரத்தில் திருத்தினான். இரண்டாம் பதிப்பு வாய் நிறையக் கேட்டது: ‘ஏனுங்க, இன்னைக்கு ஏதாச்சும் பாவம் செஞ்சுபோட்டீங்களா?’

அதன் பிறகு செயலியின் வளர்ச்சியை யாராலும் தடுக்க முடியவில்லை. பாவங்கள் அகரவரிசையில் பட்டியலாக இருந்தன. தொட்டால் போதும். சாவான பாவம் சிவப்பு, அற்பப் பாவம் மஞ்சள். ‘மச்சான் ஊட்டு விசேசத்துல சாப்பாட்டைக் கொறை சொன்னது’, ‘லிஃப்டுல ஆள் வாரது தெரிஞ்சும் கதவைச் சாத்துனது’ என்று உள்ளூர்த் தேவைக்கேற்ற பாவங்களும் இருந்தன. ஒரு பாவத்தைத் தொட்டால், ‘இந்தப் பாவம் செஞ்சவங்க இதையும் செஞ்சிருக்கறாங்க’ என்று மேலும் நான்கு காட்டும். பலருக்கு அது புதிய யோசனைகளைக் கொடுத்தது.

முதன்முறை செயலியைப் பார்த்து வாசித்த ஓர் அன்பரிடம் சாமியார், “இதெல்லாம் நீங்க செஞ்சதுங்களா?” என்று கேட்டிருக்கிறார். “இல்லீங்க ஃபாதர், டீஃபால்டா வந்ததுங்க” என்றிருக்கிறார் அன்பர். சம்பந்தப்பட்டவரே பெருமையாகச் சொன்ன தகவல் இது.

செயலியின் மிகப் பெரிய நன்மை, மனம் லேசாவது. காலையில் மனைவியிடம் எரிந்து விழுகிறோம். உடனே ‘கோபம்’ என்பதைத் தொட்டுவிடுகிறோம். அவ்வளவுதான். பதிவாகிவிட்டது. மேகத்துக்குப் போய்விட்டது. இனி அதைச் சுமக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து உட்காரும்போது மனைவியின் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று உண்மையிலேயே நமக்குப் புரியாது. என் வீட்டில் பலமுறை நடந்திருக்கிறது.

மனித ஞாபகத்தைவிடக் கருவிகள் எவ்வளவு நம்பத் தகுந்தவை என்பதற்கு, செயலி வருவதற்கு முன்பே எங்கள் பங்கில் நடந்த ஒரு சிறு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அறிக்கை முழுமையாகாது.

அதற்கு முந்தைய வருடம், அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. மாதா தேர்த் திருவிழா. மாலை ஆறு ஐம்பத்திரண்டுக்குத் தேர் மெயின் ரோட்டில் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. தேரை அவசரமாகக் கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் பார்த்தால் மாதா கழுத்தில் கிடந்த மூன்று பவுன் சங்கிலியைக் காணவில்லை. எங்கள் பங்கில் முப்பது வருடமாக மாதா கழுத்தில் கிடந்த சங்கிலி அது.

பூசைப் பொருள்கள் இருக்கும் அறையின் சாவி அப்போது விமலாராணி அம்மாளிடம் இருந்தது. கணவர் இல்லாதவர். தையல் தைத்து மகள் ஷைலாவைப் படிக்க வைத்தவர். பதினான்கு வருடமாகச் சுருபங்களுக்கு மாலை போடுவது, பூசைத் துணிகளைத் துவைத்துத் தேய்ப்பது எல்லாம் அவர்தான். செவ்வாய்க்கிழமை அவசரக் கூட்டத்துக்கு அவரையும் அழைத்தோம். முதலில் டீ கொடுத்தோம்.

“மழை வந்தப்போ செயலாளர் சார்தானுங்களே தேர்மேல ஏறிக் கழட்டினாரு” என்றார் விமலாராணி. “நான் ஏணியைப் புடிச்சிட்டு நின்னேன். சார், கொஞ்சம் நெனச்சுப் பாருங்க.”

நினைத்துப் பார்த்தேன். சத்தியமாக ஒன்றும் வரவில்லை. அன்று முழுவதும் நான் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். திருவிழா என் கண்ணில் பட்டதே அந்த ஆறு அங்குலத்துக்குள்தான். ஆகவே நினைப்பதை விட்டுவிட்டுப் போனைத் திறந்தேன். மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று படங்கள். பங்கு மன்றத்துச் சுவரில் புரொஜெக்டர் போட்டு இரண்டு மணி நேரம் எல்லாவற்றையும் பார்த்தோம். நான் சங்கிலியைக் கழற்றும் படம் அதில் ஒன்றுகூட இல்லை. ஆறு ஐம்பத்திரண்டிலிருந்து ஏழு நான்கு வரை எந்தப் படமுமே இல்லை. படம் எடுக்கிறவரான நான் அந்த நேரத்தில் வேறு ஏதோ காரியமாக இருந்திருக்கிறேன். படம் இல்லாத அந்தப் பன்னிரண்டு நிமிடங்கள் நடக்கவே இல்லை என்று பேரவை கருதியது.

“என்ற கண்ணால பாத்தேனுங்க” என்றார் விமலாராணி.

“கண்ணுல பாத்தது சரிங்கம்மணி. ஆதாரம் வேணுமுங்களே” என்றேன்.

இங்கே எங்கள் மக்களின் பண்பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அவரை யாரும் திருடி என்று சொல்லவில்லை. ஒரு கடுஞ்சொல் இல்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. “நாங்க யாரும் உங்களை ஒண்ணும் சொல்லலீங்கம்மணி. சாவி மட்டும் கொஞ்ச நாளைக்கு வேற ஆள்கிட்ட இருக்கட்டும். பதினாலு வருசமா ஓடியாடி வேலை செஞ்சுபோட்டீங்க. நீங்களும் சித்த ஓய்வா இருந்தாப்புல ஆச்சு” என்றார் பேரவையின் மூத்த உறுப்பினர். அவ்வளவு மரியாதையாக ஒருவரை வெளியே அனுப்ப வேறு எந்த ஜில்லாவிலும் முடியாது. அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, குடித்த டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். அரக்குக் கரை போட்ட பச்சைச் சேலை கட்டியிருந்தார். ‘செயலாளர் சங்கிலியைக் கழற்றவில்லை’ என்று கூட்டக் குறிப்பில் நான் எழுதிக் கையெழுத்திட்டேன்.

பன்னிரண்டாம் நாள், நவம்பர் 8, வெள்ளிக்கிழமை, காலை பத்தேகாலுக்கு ஹோப்ஸ் சிக்னலில் போலீஸ்காரர் என் வண்டியை நிறுத்தி இன்சூரன்ஸ் கேட்டார். போனில்தான் வைத்திருந்தேன். போனில் சார்ஜ் இல்லை. பழைய காகித நகல் சீட்டுக்கு அடியில் இருக்குமே என்று திறந்து துழாவினேன். மழைக்கோட்டுக்குக் கீழே ஒரு கைக்குட்டை முடிச்சு இருந்தது. அவிழ்த்தேன்.

எல்லாம் அந்த இடத்திலேயே ஞாபகம் வந்துவிட்டது. ஏணி, மழை, விமலாராணி கீழே நின்று “பாத்துங்க சார், வழுக்கும்” என்றது, நான் கைக்குட்டையில் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு, நனையாமல் இருக்கட்டும் என்று வண்டி சீட்டுக்கு அடியில் போட்டது. போலீஸ்காரர் “என்னங்க, கிடைச்சுதா?” என்று கேட்டார். கிடைத்தது என்றேன்.

மறுநாள் காலை ஐந்து நாற்பதுக்கு, முதல் பூசைக்கு ஆள் வருவதற்கு முன்பு, அதைப் பூசை அறை அலமாரியில் மெழுகுவத்திப் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன். ஞாயிறன்று அது ‘கிடைத்தது’. பங்கே மகிழ்ந்தது. விமலாராணியைப் பற்றி எல்லோரும் மிக நல்ல விதமாகவே பேசினார்கள். “எப்படியோ கொண்டாந்து வெச்சுப்போட்டாங்க. என்ன இருந்தாலும் நல்ல மனசுங்க.” அந்தப் பாராட்டு அவர் காதிலும் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் முன்வரிசையில் உட்காருவதில்லை. கடைசிப் பெஞ்சில், செருப்பு கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று வாசகர் கேட்கலாம். சொல்லியிருக்கலாம். ஆனால் கூட்டக் குறிப்பில் நான் கையெழுத்திட்டுவிட்டேன். ஆவணம் என்று ஒன்று இருக்கிறது. நினைவுக்கு வருவதையெல்லாம் வைத்து ஆவணத்தைத் திருத்த ஆரம்பித்தால் நிர்வாகம் என்னாவது?

கிறிஸ்துமஸுக்கு முன்பு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அப்போது செயலி வராத காலம், ஞாபகத்திலிருந்துதான் சொல்ல வேண்டியிருந்தது. “மூணு அருள் நிறை மந்திரம் போதுங்களா ஃபாதர்?” என்று கேட்டேன்.

“மந்திரம் வேண்டாமுங்க. அவங்க பேரைத் திருப்பிக் குடுங்க” என்றார். “பேரவையில எடுத்தீங்க. பேரவையிலயே குடுங்க. அதுதான் உங்களுக்கு அபராதம்.”

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் எங்கேயும் வாய் திறந்து சொல்ல முடியாது. என்னிடமே மறுபடி அந்தப் பேச்சை எடுக்க முடியாது. ஆக, இந்த உலகத்தில் அதைச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். இத்தகைய பெரிய பொறுப்பை ஒரு தனி மனிதனின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை என்று எனக்குப் பட்டது.

‘மனசாட்சி’ வந்து என்னைக் காப்பாற்றியது. அதில் ‘அபராத நினைவூட்டல்’ என்று ஒரு வசதி. முதல் நாளே பதிவு செய்துவிட்டேன். ஞாயிறுதோறும் இரண்டாம் பூசை முடிந்து, பேரவை உறுப்பினர்கள் எல்லாம் மன்றத்தில் காபிக்கு நிற்கும் நேரம் பார்த்து, சரியாக ஒன்பது நாற்பதுக்குப் போன் அதிரும். ‘ஏனுங்க, விமலாராணி அம்மா விசயத்தைச் சொல்லிப்போட்டீங்களா?’ கீழே இரண்டு பொத்தான். ஒன்று ‘சொல்லிப்போட்டேன்’. இன்னொன்று ‘பொறவு’. நான் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. ‘பொறவு’ என்பதையே அழுத்துவேன். ‘சரிங்க’ என்று செயலி சொல்லும். அந்தச் ‘சரிங்க’ காதில் விழுந்தால் அடுத்த ஞாயிறு வரை ஒரு கவலையும் இருக்காது. இப்படி ஐம்பத்தைந்து ஞாயிற்றுக்கிழமைகள். ஒருமுறைகூட அந்த விஷயம் எனக்கு நினைவூட்டப்படாமல் போனதில்லை. இவ்வளவு ஒழுங்காகத் தவத்தைக் கடைப்பிடித்தவர் எங்கள் பங்கில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

இனி சாதனை வாரத்துக்கு வருகிறேன்.

இந்த வருடம் குருத்து ஞாயிறு அன்று காலை செயலி நின்றுபோனது. திறந்தால் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. வின்ஸ்டனைக் கூப்பிட்டுக் கேட்டோம்.

“சர்வர் மாத்தறமுங்க அங்கிள். எல்லாப் பாவமும் பத்திரமா இருக்குது. ஆனா ஈஸ்டருக்கு முன்னால எடுக்க முடியாது.”

“அது வரைக்கும் என்ன பண்றதுங்க?”

“அது வரைக்கும் யாரும் ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க அங்கிள்.”

பெரிய புதன் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை பாவசங்கீர்த்தனம் என்று அறிவிப்பு. சாமியார் ஐந்துக்கே போய் உட்கார்ந்துவிட்டார். ஜனங்களும் வந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்தார்கள். போனை எடுத்தார்கள். வட்டம் சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பக்தியோடு பார்த்தார்கள். எழுந்து போனார்கள். “என்ன பாவம்னே தெரியாம உள்ள போயி சாமியார் நேரத்தை வீணாக்கக் கூடாதுங்களே” என்றார் ஒருவர். இன்னொருவர் மட்டும் கொஞ்சம் துணிந்து, பக்கத்தில் இருந்த மனைவியிடம், “நான் ஏதாச்சும் பாவம் செஞ்சனா புள்ளே?” என்று கேட்டார். அந்த அம்மாள் தொடங்கினார். ஏழு மணிக்குள் முடியாது என்று தெரிந்ததும் அவரும் எழுந்துவிட்டார்.

ஆறு பத்துக்கு விமலாராணி வந்தார். அவரிடம் இருப்பது பேச மட்டும் உதவும் பழைய போன். செயலி கிடையாது. காலியான கோயிலில் ஒற்றை ஆளாக முழங்காலில் இருந்து, கண்ணை மூடிக்கொண்டு, பத்து நிமிடம் எதையோ நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தாமஸ் வந்து சேர்ந்தார். பெருந்துறைக்காரர், அங்கே சிப்காட்டில் ஒரு கம்பெனியில் போர்மேன். ஷைலாவை அவர் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். உயிர்ப்பு ஞாயிறு கழித்து மூன்று ஞாயிறு எங்கள் கோயிலில், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டுக் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். அதற்குத் தங்கள் பங்கிலிருந்து வாங்கிய கடிதத்தைக் கொடுக்க வந்திருந்தார். சட்டைப் பையில் வெள்ளைக் கவர் நீட்டிக்கொண்டிருந்தது. செயலாளர் என்ற முறையில் நான் வாசலிலேயே வரவேற்றேன்.

“ஏனுங்க, அங்க தனியா முழங்கால் போட்டிருக்கறது சம்பந்தி அம்மாதானுங்களே?” என்றார்.

“அவங்கதானுங்க.”

“பெரிய புதனாச்சே, வேற யாரையும் காணமுங்க?”

“எங்க பங்குல இந்த வாரம் யாருக்கும் பாவம் இல்லீங்க” என்றேன்.

தாமஸ் மறுபடி உள்ளே எட்டிப் பார்த்தார். “அப்ப அவங்களுக்கு மட்டும் இருக்குதுங்களா?”

பேரவை முடிவு செய்யாத விஷயத்தில் நான் கருத்துச் சொல்வதில்லை. அவர் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

“ஒரு சங்கிலி விசயம் எங்க காதுல விழுந்துச்சுங்க. நான் நம்பலை. ஊட்டுலதான் மனசு கேக்காம, போறப்போ ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கன்னாங்க. நீங்க அன்னைக்கு அங்கயே இருந்தவருன்னு சொன்னாங்க. ‘அந்தம்மா எடுக்கலை’ன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க. ஓலையைக் குடுத்துட்டுக் கெளம்பறேன்.”

ஒரு வார்த்தை. அவர் கேட்டது அதுதான். நான் போனை எடுத்தேன்.

“சித்த இருங்க. பாத்துச் சொல்றேன்.”

வட்டம் சுற்றியது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மெயின் ரோட்டில் ஒரு பஸ் போன சத்தம் கேட்டது.

“ரெக்கார்டு வரமாட்டேங்குதுங்க” என்றேன்.

“ரெக்கார்டு எதுக்குங்க? உங்களுக்கு ஞாபகம் இருக்குமுங்களே.”

“இந்தக் காலத்துல யாருக்குங்க ஞாபகம் இருக்குது?” என்று சிரித்தேன்.

அவரும் மரியாதைக்குச் சிரித்தார். பையில் நீட்டிக்கொண்டிருந்த கவரை உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டார். “அதுவுஞ் சரிதானுங்க. அப்ப ரெக்கார்டு வந்த பொறவு பாத்துக்கலாமுங்க. ஒண்ணும் அவசரமில்லை. வாரேனுங்க.”

எங்கள் பக்கத்தில் எவரும் முகத்துக்கு நேராக ‘வேண்டாம்’ என்று சொல்வதில்லை. ‘பொறவு பாத்துக்கலாமுங்க’ என்றால் என்ன அர்த்தம் என்று சிங்காநல்லூரிலிருந்து பெருந்துறை வரை எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ‘இருங்க’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பார். அவர் கேட்டைத் தாண்டும்போது மணி ஆறு முப்பத்தொன்பது.

விமலாராணி பாவசங்கீர்த்தனம் முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, தாமஸின் முதுகைத்தான் பார்த்தார்.

“பெருந்துறைக்காரர் போறாருங்களே சார். ஓலை குடுத்தாருங்களா?”

“பொறவு குடுக்கறன்னுட்டாருங்கம்மணி.”

அவருக்கும் அர்த்தம் தெரியும். தூணைப் பிடித்துக்கொண்டார்.

“கேட்டாருங்களா?”

“கேட்டாரு.”

“நீங்க என்னங்க சார் சொன்னீங்க?”

“சர்வர் டவுனுங்கம்மணி. ஞாபகம் இல்லைன்னேன்.”

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்னுதான் சார் வந்தேன். ஒண்ணரை வருசமா உங்க மேல எனக்குக் கோவமுங்க. கோயில்ல உங்களைப் பாக்கறப்ப எல்லாம் மனசுக்குள்ள திட்டியிருக்கறேன். அதைத்தான் இப்ப ஃபாதர்கிட்டச் சொன்னேன். வேற ஒண்ணும் எனக்கு நெனவு வரலீங்க. ஃபாதர்கிட்டக் கேட்டாப் போதாது, உங்ககிட்டயும் கேக்கோணுமுங்களே. என்னை மன்னிச்சுக்குங்க சார்.”

அந்த வாரம் எங்கள் பங்கில் ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரே பாவம் அதுதான். அது என்னைப் பற்றியது என்பதில் எனக்கு எந்தப் பெருமையும் இல்லை.

“பரவாயில்லீங்கம்மணி. நான் மன்னிச்சுட்டேன்” என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

உயிர்ப்பு ஞாயிறு சிறப்பாக நடந்தது. பாவம் இல்லாத ஜனங்கள் என்பதால் நற்கருணை வாங்க நின்ற வரிசை மெயின் ரோடு வரை போனது. ஓலை வாசிக்க வேண்டிய மூன்று ஞாயிறும் கடந்துவிட்டன. வாசிக்கவில்லை. ஷைலா எப்போதும்போல வேலைக்குப் போய் வருகிறாள். என்னைக் கண்டால் அவளும் ‘வணக்கமுங்க அங்கிள்’ என்றுதான் சொல்கிறாள்.

இந்தச் சாதனையைக் கேள்விப்பட்ட மற்ற பங்குகளும் செயலியைக் கேட்கின்றனவாம். அவர்களுக்குக் காட்டுவதற்காக வின்ஸ்டன் என்னிடம் அரைப் பக்கத்துக்கு ஒரு ‘பயனாளர் அனுபவம்’ எழுதித் தரச் சொன்னான். “சும்மா ரெண்டு வரி எழுதுங்க போதும் அங்கிள். ஞாபகம் வெச்சுக்கற தொல்லையே விட்டுச்சுன்னு எழுதுங்க.” அரைப் பக்கத்தில் நிறுத்தத்தான் பார்த்தேன், முடியவில்லை.

சர்வர் இன்னும் வரவில்லை. இதில் ஒரு வரியைக்கூட நான் எங்கும் பார்த்து எழுதவில்லை.